ஒரு கிராமத்துக் காற்றாலையின் வரலாற்றையும் அதை நடத்திய குடும்பத்தையும் தேடிக் கண்டறியும் முறை

காற்றாலை என்றதும் நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் வரிசை கட்டி நிற்கும் மின்னுற்பத்திக் கோபுரங்களே நினைவுக்கு வருகின்றன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது அன்று. நீராவியும் மின்சாரமும் வருவதற்கு முன்பு காற்றின் விசையால் கல்லைச் சுழற்றிக் கோதுமை அரைத்துக் கொடுத்த இங்கிலாந்துக் கிராமங்களின் மாவாலைகளைப் பற்றியது. அந்நாட்டில் குடியிருக்கும் தமிழர்களில் சிலரேனும் தங்கள் ஊர் மேட்டில் இறக்கை இழந்து நிற்கும் ஒரு செங்கல் கோபுரத்தை நாள்தோறும் கடந்து போகிறார்கள். அதைக் கட்டியவர் யார், எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை நடத்தியது, எப்போது ஏன் நின்றது என்று அறிய விரும்புகிறவர் எங்கே தொடங்கி எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். தேவைப்படும் ஆவணங்களில் கணிசமானவை இணையத்திலேயே கிடைப்பதால், சென்னையில் இருந்துகொண்டும் வேலையில் பாதியை முடித்துவிடலாம்.

விளக்கத்துக்கு இரண்டு ஆலைகளைத் துணையாகக் கொள்கிறேன். ஒன்று, நாட்டிங்காம் நகரை ஒட்டிய ஸ்னெயின்டன் ஊரின் கிரீன் ஆலை. ஜார்ஜ் கிரீன் என்ற ரொட்டிக் கடைக்காரர் 1807 இல் அதைக் கட்டினார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன்தான் இன்று இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் சந்திக்கும் 'கிரீன் சார்பு'களைத் தந்த கணிதவியலாளர். மற்றொன்று, கென்ட் பகுதியில் கிரான்புரூக் ஊரில் 1814 இல் எழுந்த யூனியன் ஆலை; எட்டுப் பட்டையாக மரத்தால் எழுப்பிய கோபுர ஆலைகளில் இங்கிலாந்தில் இன்று மிக உயரமானது அதுவே.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலை ஒழுங்காக ஓடிய ஆண்டுகளைப் பற்றி அநேகமாக யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. காற்று அடித்தது, கல் சுழன்றது, மாவு விழுந்தது. அதில் பதிவு செய்ய என்ன இருக்கிறது? கடன் முற்றியபோதும், தீப்பிடித்தபோதும், உரிமையாளர் இறந்து பாகம் பிரிக்க நேர்ந்தபோதும், ஏலத்துக்கு வந்தபோதும்தான் வழக்கறிஞரும் எழுத்தரும் பத்திரிகைக்காரரும் பேனாவை எடுத்தார்கள். ஆகவே ஆலை இடறிய ஆண்டுகளைத் தேடிப் பிடிப்பவரே விரைவில் முன்னேறுவார். பெருமைமிக்க தொடக்கத்தை நாடி நேரே இடைக்காலத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவார்.

முதலில் கட்டடத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆவணத்தைத் தொடுவதற்கு முன் அந்த ஆலை எவ்வகையானது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் தேட வேண்டிய ஆவணமே வகைக்கு வகை மாறும். மூன்று வகைகள் உண்டு. மிகப் பழைய வகையில், தடித்த ஒற்றை மரத்தூணின் மேல் ஆலையின் உடல் முழுவதும் அமர்ந்திருக்கும். காற்று வீசும் திசைக்கு அந்த உடலையே திருப்பியாக வேண்டும். பிற்பட்ட இரண்டு வகைகளிலும் உடல் அசையாது. இறக்கைகளைத் தாங்கும் தலைப்பகுதி மட்டுமே சுழலும். உடல் மரத்தால் பட்டை பட்டையாக அமைந்தால் அது கிரான்புரூக் போன்ற மரக்கோபுர ஆலை. செங்கல்லாலோ கல்லாலோ ஆனால் ஸ்னெயின்டன் போன்ற கோபுர ஆலை.

ஒற்றைத் தூண் ஆலையைத் தேடுகிறவருக்கு ஒரு தனி இடர் காத்திருக்கிறது. அத்தகைய ஆலையைக் கழற்றியோ அப்படியே இழுத்தோ வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியும். சசெக்ஸ் பகுதியில் கிளேட்டன் குன்றின் மேல் நிற்கும் 'ஜில்' ஆலை 1821 இல் பிரைட்டனில் கட்டப்பட்டு, 1852 வாக்கில் மாடுகளும் குதிரைகளும் இழுக்கக் குன்றேறி வந்தது. கிளேட்டன் ஊரின் பழைய ஏடுகளை மட்டும் புரட்டுகிறவருக்கு அந்த ஆலை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததாகவே தோன்றும். வரைபடம் ஒன்றில் இல்லாத ஆலை அடுத்ததில் இருந்தால், புதிதாகக் கட்டினார்கள் என்று உடனே எழுதிவிடாதீர்கள். பக்கத்து ஊர்களில் அதே காலத்தில் ஓர் ஆலை காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆலைக்குள் ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால் உத்தரங்களையும் கதவுகளையும் தானியப் பெட்டிகளின் பலகைகளையும் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆலைக்காரர்கள் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டுகளையும் செதுக்கிவைக்கும் வழக்கம் உடையவர்கள். பக்கிங்காம்ஷரில் உள்ள பிட்ஸ்டோன் ஆலையின் சட்டத்தில் 1627 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் காற்றாலைகளில் காணப்படும் மிகப் பழைய ஆண்டு அது என்று மதிக்கப்படுகிறது. ஆனால் செதுக்கிய ஆண்டு கட்டிய ஆண்டு ஆகிவிடாது. பழுது பார்த்தவர் தம் வேலையின் நினைவாகச் செதுக்கியிருக்கலாம்; இடிந்த வேறோர் ஆலையின் உத்தரத்தை எடுத்துவந்து இங்கே பொருத்தியிருக்கலாம். நல்ல தேக்கு உத்தரத்தை வீணாக்காத நம் ஊர்த் தச்சரைப் போலவே அந்த ஊர்த் தச்சரும் நல்ல ஓக் மரத்தை வீணாக்கியதில்லை.

வரைபடங்களில் ஆலையின் வாழ்நாள்

கட்டடத்துக்குப் பிறகு வரைபடம். இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளுக்கு 18 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பெரிய அளவு வரைபடங்கள் அச்சாயின. நாட்டிங்காம்ஷருக்கு 1774 இல் சாப்மன் வரைந்ததும், கென்ட் பகுதிக்கு 1769 இல் ஆண்ட்ரூஸ், டியூரி, ஹெர்பர்ட் ஆகியோர் வெளியிட்டதும் இத்தகையவை. இவற்றில் காற்றாலை ஒரு சிறு படமாகவே வரையப்பட்டிருக்கும், ஏனென்றால் பயணிக்கு அது கோயில் கோபுரம் போன்ற அடையாளம். 1791 இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவைத் துறையின் முதல் வரைபடம் 1801 இல் கென்ட் பகுதிக்கு வெளிவந்தது; 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வெளியான பெரிய அளவுத் தாள்களில் ஆலை, ஆலை வீடு, வண்டிப்பாதை, தோட்டம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இந்தப் பழைய தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இங்கிலாந்துக்கான தாள்களும் அங்கேயே இருக்கின்றன.

வரைபடத்தில் அச்சான சொல்லையும் கூர்ந்து படிக்க வேண்டும். ஒரு பதிப்பில் 'காற்றாலை' என்றும் அடுத்த பதிப்பில் 'பழைய காற்றாலை' என்றும் இருந்தால், இரண்டுக்கும் இடையில் எப்போதோ ஆலை நின்றிருக்கிறது என்று பொருள். அதே சமயம் வரைபடத்தின் ஆண்டு என்பது அச்சான ஆண்டா, நிலத்தை அளந்த ஆண்டா என்று ஓரக்குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்திருப்பது உண்டு.

1836 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருச்சபைக்குத் தானியமாகக் கொடுத்துவந்த தசமபாகத்தைப் பணமாக மாற்றுவதற்கு ஊர் ஊராக வரைந்த தசமபாக வரைபடங்கள் பொன்னானவை. ஒவ்வொரு மனைக்கும் எண் இட்டு, அதன் உரிமையாளர் யார், அனுபவிப்பவர் யார், பரப்பு எவ்வளவு என்று கூடவே ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஒரு குறை: பொதுநிலங்களைப் பங்கிட்டு வேலியடைத்தபோதே தசமபாகத்தைத் தீர்த்துக்கொண்ட ஊர்களுக்கு இந்த வரைபடம் இருக்காது. நாட்டின் நடுப்பகுதியில் அத்தகைய ஊர்கள் மிகுதி. அங்கெல்லாம் வேலியடைப்புத் தீர்ப்பாவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமையாளர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர்

புதிதாகத் தேடுகிறவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். ஊரார் வாயில் ஆலைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் சில சமயம் உரிமையாளருடையது, சில சமயம் குத்தகைக்காரருடையது, சில சமயம் கடைசியாக நடத்தியவருடையது. நம் ஊர் மாவு மில்லிலும் கட்டடத்துக்கு உரியவர் ஒருவராகவும் எந்திரத்தில் நிற்பவர் வேறொருவராகவும் இருப்பதில்லையா? எனவே தொடக்கத்திலிருந்தே ஒரு தாளில் இரண்டு பத்திகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆலையை உடையவர், மற்றொன்றில் அரைத்தவர். ஒரு பெயர் எந்தப் பத்திக்குரியது என்று தெளியும்வரை அதை இரண்டிலும் எழுதாமல் ஓரத்தில் வையுங்கள்.

இதற்கு மிகவும் உதவுவன 1780 முதல் 1832 வரையிலான நிலவரிப் பட்டியல்கள். அந்த ஆண்டுகளில் நிலவரி கட்டியவர்களுக்கே வாக்குரிமை என்பதால், அவற்றின் படிகளை நீதிமன்ற எழுத்தரிடம் ஒப்படைத்து வைத்தார்கள். அவற்றிலேயே உரிமையாளருக்கு ஒரு பத்தி, அனுபவிப்பவருக்கு ஒரு பத்தி இருக்கும். ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் எந்த ஆண்டில் பெயர் மாறியது என்பது தெரியும். அந்த மாற்றத்தின் ஆண்டுதான் அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, நம் நாட்டுப் பழக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். யார்க்‌ஷர், மிடில்செக்ஸ் போன்ற சில பகுதிகளில் மட்டுமே 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பத்திரப் பதிவகம் இருந்தது. மற்ற இடங்களில் மூலப்பத்திரம் உரிமையாளரின் பெட்டியிலோ அவருடைய வழக்கறிஞரின் அலமாரியிலோ கிடந்தது. 1925 ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டங்களுக்குப் பிறகு நெடுங்காலப் பத்திரங்கள் தேவையற்றுப்போனதால் எத்தனையோ கட்டுகள் குப்பைக்குப் போயின. தப்பியவை கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கும். அவை எங்கே என்று அறிய, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரையும் 'காற்றாலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும்.

தீக்காப்புறுதி ஏடுகளை மறக்கக் கூடாது. 1710 இல் தொடங்கிய சன் ஃபயர் ஆபீஸ் நிறுவனத்தின் காப்புறுதி ஏடுகள் லண்டன் நகரக் காப்பகத்தில் உள்ளன. மரமும் மாவுத்தூசியும் உராயும் கற்களும் சேர்ந்த ஆலை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், கட்டடம் எதனால் ஆனது, உள்ளே இருக்கும் பொறிகளின் மதிப்பு என்ன, குடியிருப்பவர் யார் என்றெல்லாம் அந்நிறுவனங்கள் விசாரித்து எழுதிவைத்தன.

குடும்பத்தைத் தொடர்தல்

இப்போது ஆலையை விட்டுவிட்டு ஆட்களின் பின்னால் போக வேண்டும். 1538 முதல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஆணை இருந்தது. தொடக்க ஏடுகள் பல ஊர்களில் அழிந்துவிட்டாலும், 1598 முதல் ஆயருக்கு அனுப்பிய படிகள் சில இடங்களில் அந்த இழப்பை ஈடு செய்கின்றன. 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிவு செய்கிறது. 1752 க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 இல் பிறந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய ஏட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1721 பிப்ரவரி ஆகும். இந்த ஒன்றைக் கவனிக்காமல், தாய் தந்தையின் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதிக் குடும்பத்துக்கு இல்லாத பழியைச் சுமத்தியவர்கள் உண்டு.

ஞானஸ்நான நாள் பிறந்த நாள் அன்று. கணிதவியலாளர் கிரீனின் பிறந்த நாளாகப் பல இடங்களில் 1793 ஜூலை 14 என்று தரப்படுகிறது. அது அவருக்கு ஞானஸ்நானம் நடந்த நாள். பிறந்த நாள் ஏட்டில் இல்லை.

அவருடைய குடும்பமே தேடுகிறவருக்கு ஒரு நல்ல பாடம். ஆலையை மேற்பார்த்தவர் வில்லியம் ஸ்மித். அவருடைய மகள் ஜேன் ஸ்மித்துக்கும் இளைய கிரீனுக்கும் ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆகவே திருமணப் பதிவேட்டில் கிரீன் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது; தந்தை பெயரை மட்டும் கொண்டு ஞானஸ்நான ஏட்டைப் புரட்டினாலும் பிள்ளைகள் கண்ணில் படாமல் போகலாம். தாயின் குடும்பப் பெயரைக் கொண்டு தேட வேண்டும். முதல் பிள்ளை நீங்கலாக மற்றவர்களுக்கு ஞானஸ்நானத்தின்போதே 'கிரீன்' என்பதும் ஒரு பெயராகச் சேர்க்கப்பட்டிருப்பதைக் காண்கிறவருக்கு, ஊரறிந்த அந்த உறவைத் தந்தை மறைக்கவில்லை என்பதும் புரியும். கடைசி மகள் கிளாரா 1919 வரை வாழ்ந்தார். ஆலை வீடுகளில் மேற்பார்வையாளர், கூலியாள், பயில்பவன் என்று பலர் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்ததால், குடும்பத்துக்கு வெளியே உள்ள பெயர்களையும் குறித்துக்கொள்வது இப்படித்தான் பின்னால் பயன்படும்.

பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆட்களின் பெயர்கள் கிடைப்பது 1841 இலிருந்து. அந்த முதல் ஏட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதானவர் 35 என்றே இருப்பார். பிறந்த ஊரும் உறவுமுறையும் 1851 இலிருந்துதான் கிடைக்கும். 1921 ஏடு 2022 இல் திறந்துவிடப்பட்டது. 1931 ஏடு தீக்கிரையானது. 1941 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் போர்க்காலத்துக்காக 1939 இல் எடுத்த பதிவேடு இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஒருவர் கணக்கெடுப்பில் இல்லையென்றால் அவர் அந்த ஊரில் வாழவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிரீன் 1841 மே 31 அன்று ஸ்னெயின்டனில் இறந்தார். கணக்கெடுப்பு நடந்தது ஜூன் 6 அன்று. அந்த ஊரின் பெயர் சொல்லத்தக்க மனிதர் பெயர் சொல்லும் முதல் கணக்கெடுப்பிலிருந்து ஒரே வாரத்தில் நழுவிவிட்டார்.

கணக்கெடுப்பில் தொழிலைக் குறிக்கும் சொல்லையும் ஆராய வேண்டும். 'மில்லர்' என்பது சொந்த ஆலைக்காரரையும் குறிக்கும், நாள்கூலிக்கு அரைப்பவரையும் குறிக்கும். 'மில்' என்பதோ நமக்குக் கோயம்புத்தூரில் பஞ்சாலையை நினைவூட்டுவதுபோல, வட இங்கிலாந்திலும் நூற்பாலையையே குறிப்பது வழக்கம். ரொட்டி சுடுதல், தானிய வணிகம், பன்றி வளர்ப்பு, சிறு வேளாண்மை ஆகியவற்றை ஆலையோடு சேர்த்துச் செய்த குடும்பங்கள் மிகுதி என்பதால், ஒரே மனிதர் பத்தாண்டுக்கு ஒரு தொழிலாகத் தோன்றினாலும் திகைக்க வேண்டாம்.

உயில்கள்தாம் எனக்கு எல்லாவற்றினும் மேலான ஆவணங்களாகத் தோன்றுகின்றன, ஏனெனில் ஆலையும் குடும்பமும் ஒரே தாளில் சந்திப்பது அங்கேதான். யாருக்கு ஆலை, யாருக்கு வீடு, எந்த மகனுக்கு வெறும் பணம் என்று சாகும் தறுவாயில் ஒருவர் பிரித்துச் சொல்வதில் குடும்பத்தின் உள்கதை முழுவதும் இருக்கும். 1858 க்கு முன் உயில்களை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அதற்குப் பின் அரசின் ஒரே பதிவகம். பழைய உயிலைத் தேடும்போது அந்த ஊர் எந்த மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது என்று பாருங்கள். நாட்டிங்காம்ஷர் 1837 வரை யார்க் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அந்த ஊர் ஆலைக்காரரின் உயிலைத் தெற்கே கேன்டர்பரி நீதிமன்ற ஏடுகளில் மட்டும் தேடிச் சலித்தவர் யார்க் பக்கமும் திரும்ப வேண்டும். ஊர் எல்லைகளும் மாறும்: ஸ்னெயின்டன் 1877 இல் நாட்டிங்காம் நகரோடு இணைந்தது, அதற்கு முந்தைய ஏடுகள் கிராமத்தின் பெயரிலும் பிந்தையவை நகரத்தின் பெயரிலும் இருக்கும்.

இடறிய ஆண்டுகள்

இதுவரை திரட்டியவற்றில் பெயர் மாறிய ஆண்டுகளை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதைத் தேடுவதே இனி வேலை.

நொடித்துப்போனவர்களின் அறிவிப்புகள் 1665 இல் தொடங்கிய லண்டன் கெஜட் அரசிதழில் அச்சாயின. அதன் பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். 1861 வரை அந்நாட்டுச் சட்டப்படி வணிகர் மட்டுமே திவாலாக முடியும். மற்றவர்கள் கடனுக்குச் சிறைக்குத்தான் போவார்கள். தானியத்தை வாங்கி மாவாக விற்ற ஆலைக்காரர் வணிகர் வரிசையில் சேர்ந்ததால் கெஜட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. நம் பேச்சில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அதன் அச்சிட்ட வடிவம் இது. கிரான்புரூக் ஆலையின் கதையே அப்படித்தான் திரும்புகிறது. 1814 இல் ஹென்றி டோபெல் என்பவருக்காகக் கட்டிய ஆலை, நெப்போலியன் போர் முடிந்து விலைகள் சரிந்தபின் 1819 இல் அவரோடு சேர்ந்து நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆலையைத் தாங்களே நடத்தினார்கள்; 'யூனியன்' என்ற பெயர் அந்தக் கூட்டிலிருந்து வந்தது. ரசல் குடும்பம் 1832 இல் வாங்கி, நூறாண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக நடத்தியது. ஆலையின் பெயரைக் கேட்டதும் ஏதோ தொழிற்சங்கம் அல்லது நாட்டு ஒற்றுமை என்று ஊகித்து எழுதியிருந்தால் உண்மைக்கு வெகு தூரம் போயிருப்போம்.

ஏல விளம்பரங்களை உள்ளூர்ச் செய்தித்தாள்களில் தேட வேண்டும். அவை நான்கே வரியில் ஓர் ஆலையின் உள்ளமைப்பு முழுவதையும் சொல்லிவிடும், படிக்கத் தெரிந்தால். எத்தனை இணை கற்கள் என்ற எண் ஆலையின் கொள்ளளவைக் காட்டும். கற்கள் பிரெஞ்சுக் கற்களா, டார்பிஷர் மலைக் கற்களா என்பது அது எதை அரைத்தது என்பதைக் காட்டும்: பாரிசுக்குக் கிழக்கே வெட்டிக் கொண்டுவந்த கடினமான பிரெஞ்சுக் கல் வெள்ளை மாவுக்கு, டார்பிஷர் கல் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கு. வெள்ளை மாவுக்கல் இரண்டு இணை இருந்த ஆலை, முப்பது ஆண்டு கழித்து வந்த விளம்பரத்தில் தீவனக்கல்லோடு மட்டும் இருந்தால், ஊர் ரொட்டிக்காரர்கள் வேறெங்கோ மாவு வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். கற்களை அவ்வப்போது கொத்தியாக வேண்டும். நம் தெருக்களில் அம்மி கொத்த வருகிறவரைப் போல அங்கும் ஆலை ஆலையாக அலைந்து கொத்தியவர்கள் இருந்தார்கள். ஆலைத் தச்சர்களின் கணக்கு நோட்டுகள் காப்பகத்தில் இருந்தால் அவற்றையும் கேட்டுப் பாருங்கள். எந்த ஆண்டில் எந்தப் பல்சக்கரம் உடைந்தது என்பதுவரை அதில் இருக்கும்.

பொறிகளின் வரலாற்று ஆண்டுகள் சிலவற்றை மனத்தில் வைத்திருந்தால் விளம்பரமும் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கலாம். காற்றின் திசைக்கேற்ப ஆலைத் தலையைத் தானே திருப்பும் பின்புற விசிறிக்கு எட்மண்ட் லீ 1745 இல் காப்புரிமை பெற்றார். துணிக்குப் பதில் சுருள்வில்லோடு இணைந்த மரப்பட்டிகள் திறந்து மூடும் இறக்கையை ஆண்ட்ரூ மெய்க்கிள் 1772 இல் அமைத்தார். ஆலையை நிறுத்தாமலே எல்லாப் பட்டிகளையும் ஒருசேர இயக்கும் முறைக்கு வில்லியம் கியூபிட் 1807 இல் காப்புரிமை பெற்றார். கிரீன் ஆலை எழுந்த அதே ஆண்டு. 1790 இல் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலையில் கியூபிட் இறக்கை இருந்தால் அது பிற்பாடு மாட்டியது. கிரான்புரூக்கில் அத்தகைய இறக்கைகள் வந்தது 1840 இல். நீராவி எந்திரம் 1863 இல்.

சாவும் பெயர் மாற்றமும் சேர்ந்து வருவதற்கு ஸ்னெயின்டன் எடுத்துக்காட்டு. இளைய கிரீன் இளமையில் நான்கு பருவம் மட்டுமே பள்ளிக்குப் போனவர். 1823 இல் நாட்டிங்காம் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். மின்சாரம், காந்தவியல் பற்றிய தம் ஆய்வுரையை 1828 இல் சந்தாதாரர் ஐம்பது பேருக்குச் சற்றே கூடுதலானவர்களின் ஆதரவில் அச்சிட்டார். மறு ஆண்டு தந்தை இறந்தார். ஆலைப் பொறுப்பிலிருந்து கை கழுவ அந்தச் சாவு வழி திறந்தது. 1833 இல், 40 வயதில், கேம்பிரிட்ஜ் போய் மாணவராகச் சேர்ந்தார். 1837 இல் கணிதத் தேர்வில் நான்காவதாகத் தேறினார். 1839 இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அப்பதவி மணமாகாதவருக்கே உரியது என்பதை ஜேன் ஸ்மித்தின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆலை வரலாற்றில் தேடுகிறவர் பதிவேடுகளை மட்டும் நம்பினால் இந்த மனிதர் 'ஆலைக்காரர் மகன்' என்றே நின்றுவிடுவார். அவர் இறந்தபோது உள்ளூர்ச் செய்தித்தாளுக்கும் அதற்கு மேல் அதிகம் தெரிந்திருக்கவில்லை. நூலக உறுப்பினர் பட்டியலும் நூல் சந்தாதாரர் பட்டியலும்தான் மற்றொரு முகத்தைக் காட்டின. ஆலைக்காரர் வெறும் ஆலைக்காரர்தான் என்று எண்ணி இத்தகைய ஏடுகளை ஒதுக்க வேண்டாம்.

ஆலை ஏன் நின்றது என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை சொல்வார்கள்: புயல், சபிக்கப்பட்ட மகன், குடி. உண்மைக் காரணம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். 1880 களில் எஃகு உருளை ஆலைகள் துறைமுக நகரங்களில் எழுந்து, வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கடினக் கோதுமையை வெள்ளை வெளேரென்று அரைத்துத் தள்ளின. கிராமத்து ஆலைகள் தீவனத்துக்கு இறங்கி, பின் ஓய்ந்தன. கிரீன் ஆலை அதற்கும் முன்பே, 1860 களில் நின்றுவிட்டது. பின்னர் அதன் கதை வேறு தாள்களில் தொடர்கிறது: ஒரு வழக்கறிஞர் வாங்கிச் செப்புத்தகட்டுக் கூரை போட்டார், மெருகெண்ணெய் தயாரிப்போர் வாடகைக்கு இருந்தனர், 1947 இல் தீப்பிடித்தது, நகராட்சி வாங்கிப் புதுப்பித்து 1986 இல் மீண்டும் மாவரைக்கச் செய்தது.

சரிபார்த்து எழுதி வைத்தல்

ஊர்ப் பெருமைக்காகச் சொல்லும் மிகப் பழைய ஆண்டை ஏற்கத் தயங்குங்கள். 1086 இல் அரசர் ஆணையால் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இங்கிலாந்தில் காற்றாலைக்கான நம்பகமான சான்று 1180 களிலிருந்தே தொடங்குகிறது. டூம்ஸ்டே ஆலை நீரால் ஓடியது. ஆகவே 'டூம்ஸ்டே காலத்துக் காற்றாலை' என்ற அறிவிப்புப் பலகையைக் கண்டால், அதே ஊரின் ஓடையில் ஆலை இருந்ததா என்று பாருங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அது எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே உங்களை நம்ப மாட்டீர்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ஆலைக்காரர் குடும்பத்தின் இன்றைய வாரிசுகளைச் சந்தித்தால், அவர்கள் சொல்லும் கதையைச் சொன்னபடியே, சொன்ன நாளோடு எழுதிவைத்துப் பிறகு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறப்பு, மண விவரங்களை அவர்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது.

பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் 1877 இல் வில்லியம் மோரிஸ் தொடங்கியது. அதன் ஆலைகள் பிரிவு 1931 முதல் இயங்குகிறது. ரெடிங் நகரில் 2002 முதல் செயல்படும் மில்ஸ் ஆர்க்கைவ் காப்பகத்தில் காற்றாலைகளின் நிழற்படங்களும் ஆய்வாளர்களின் கைக்குறிப்புகளும் குவிந்திருக்கின்றன. தேடலின் நடுவில் அங்கே ஒரு முறை கேட்டுவிடுங்கள். நீங்கள் தேடும் ஆலைக்கு 1930 களிலேயே யாரோ ஒருவர் மிதிவண்டியில் போய்ப் படம் எடுத்து வைத்திருக்கக்கூடும். உங்கள் கையெழுத்துப்படி முடிந்ததும் ஒரு பிரதியை அங்கும் இன்னொன்றைக் கவுண்டி ஆவணக் காப்பகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்கி முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.